கூண்டு என்கெஃபலின்: எதை வாங்கலாம், எப்படிச் சோதிக்கலாம்?

ஒளி பட்டால் வேலை செய்யும் பெப்டைட் என்றதும் பலரும் ஆப்டோஜெனெடிக்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. சேனல்ரோடாப்சின் என்பது பாசியிலிருந்து எடுத்த கால்வாய். அதை மரபணு வழியாக நியூரானுக்குள் குடியேற்றி, நீல ஒளியால் திறக்கிறோம். செல் துடிப்பது நிஜம்தான், ஆனால் அந்தத் துடிப்புக்கு வழிவிட்டது வந்தேறிக் கால்வாய். கேஜ்டு பெப்டைட் விஷயத்தில் ஏற்பியும் செல்லுடையது, அயனிக் கால்வாயும் செல்லுடையது. பூட்டில் கை வைக்கவே இல்லை. சாவியான பெப்டைட்டுக்கு மட்டும் ஓர் உறை, அதாவது கூண்டு, போட்டிருக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் உறை கழன்றுவிடும்.

இந்த வகையில் இன்றைக்கு மூளை ஸ்லைஸ் (உயிரோடு வைத்த மெல்லிய மூளைத் துண்டு) வேலைக்கு உருப்படியாக உதவுவது கூண்டிலிட்ட லியூ-என்கெஃபலின். என்கெஃபலின் என்பது மூளை தானே சுரக்கும் ஓபியாய்டு பெப்டைட். இரண்டு வடிவங்கள் உண்டு. முதலாவது, 2012-இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் மாத்யூ பங்கார்ட்டும் பெர்னார்டோ சபாட்டினியும் வெளியிட்ட சிஒய்எல்இ (CYLE). இரண்டாவது, பங்கார்ட் குழுவே 2018-இல் கொண்டுவந்த என்-எம்என்விஓசி-எல்இ (N-MNVOC-LE). இரண்டையும் பெப்டைட் தயாரிக்கும் நிறுவனங்களில் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்க முடியும். எது யாருக்கு என்பதற்கு முன், அந்த மூலக்கூறில் கூண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மற்ற தொல்லைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

என்கெஃபலின் ஐந்தே அமினோ அமிலம்: டைரோசின், கிளைசின், கிளைசின், பினைலாலனின், லியூசின். எடை 555.6 டால்டன். ஹியூஸும் கோஸ்டர்லிட்சும் 1975-இல் அபர்டீனில் கண்டுபிடித்தது. ஓபியாய்டு ஏற்பி இதைப் பிடித்துக்கொள்வது முனையிலுள்ள டைரோசினை வைத்து. அந்த டைரோசினின் பீனால் ஆக்சிஜன் ஒரு பிடி. முனையிலுள்ள அமீனின் நேர்மின்னூட்டம் இன்னொரு பிடி. அது ஏற்பிக்குள் இருக்கும் ஓர் அஸ்பார்டேட்டுடன் ஜோடி சேர்கிறது. சிஒய்எல்இயில் கார்பாக்சி-நைட்ரோபென்சைல் கூண்டு பீனால் மேல் உட்கார்ந்திருக்கிறது. 2018 வடிவத்தில் டைமெத்தாக்சி-நைட்ரோபென்சைல் வகைக் கூண்டு அமீன் மேல், கார்பமேட் பிணைப்பாக. அமீனை மூடினால் மின்னூட்டமே போய்விடுகிறது, அதனால் இருட்டில் அது கிட்டத்தட்ட ஊமை. பீனாலை மூடிய சிஒய்எல்இ ஊமை இல்லை, மெல்ல முணுமுணுக்கும். ஓபியாய்டு ஏற்பிகளில் மியூ, டெல்டா என்று வகைகள் உண்டு. மியூ ஏற்பியில் அதன் வீரியம் நூறு மடங்குக்கு மேல் குறைந்தாலும், டெல்டா ஏற்பி என்கெஃபலினிடம் ரொம்பவே இளகிய மனசுக்காரன் என்பதால் அங்கே மிச்ச வேலை தெரிந்துவிடுகிறது.

எலியின் மூளைத்தண்டில் இருக்கும் லோகஸ் செருலியஸ் என்ற சிறு தொகுதியின் நியூரானில் மியூதான் ஆள்கிறது. 2012 வேலை அங்கே நடந்ததால் சிஒய்எல்இ அப்பழுக்கில்லாமல் நடந்துகொண்டது. அதே பொடியை ஹிப்போகேம்பஸுக்குக் கொண்டுபோனால், மியூவும் டெல்டாவும் ஒரே பார்வால்புமின் இன்டர்நியூரானில் (அக்கம்பக்கத்துச் செல்களை அடக்கும் நியூரான்) சேர்ந்தே இருக்கும். அங்கே ஒளி போடுவதற்கு முன்பே டெல்டா பாதி விழித்திருக்கும். ஆகவே லோகஸ் செருலியஸில் மட்டும் வேலை என்றால் பழையது போதும். டெல்டா இருக்கக்கூடிய எந்த இடத்திலும் புதியதை வாங்குங்கள். 365 நானோமீட்டர் எல்.இ.டிதான் கையில் இருக்கிறது, 355 நானோமீட்டர் லேசர் இல்லை என்றாலும் புதியதே. டைமெத்தாக்சி சேர்ந்ததால் 365-இல் அது ஒளியை நன்றாக உறிஞ்சும். பழைய கூண்டுக்கு 365 என்பது உறிஞ்சுதலின் வால் பகுதி. அதற்காக எல்.இ.டியைக் கூட்டிக்கொண்டே போனால் கூண்டு உடைவதற்குள் செல் சோர்ந்துவிடும்.

பார்சல் வந்தவுடன் கூடவே வரும் சான்றிதழில் "தூய்மை 98 சதவீதம்" என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். மீதி 2 சதவீதம் என்ன என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஸ்லைஸில் 10 மைக்ரோமோலார் ஓட விடுகிறோம். அதில் 1 சதவீதம் கூண்டில்லாத என்கெஃபலின் என்றால் 100 நானோமோலார் சும்மாவே ஓடுகிறது. டெல்டாவுக்கு அது விருந்து, மியூவுக்குக்கூட காலை உணவு. 0.1 சதவீதம் என்றால் 10 நானோமோலார்; மியூவில் அது தெரியாது, டெல்டாவில் தெரியலாம். எனவே கேட்க வேண்டிய எண் மொத்தத் தூய்மை இல்லை, கூண்டில்லாத என்கெஃபலின் எவ்வளவு என்பது. பெரும்பாலான விற்பனையாளர்கள் கேட்டால்தான் தருவார்கள். தராவிட்டால் கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி (HPLC) கருவியில் நீங்களே பார்த்துவிடலாம்: தூய லியூ-என்கெஃபலினைத் தனியாக ஒருமுறை ஓட்டி அது எந்த நிமிடத்தில் வெளிவருகிறது என்று குறித்துக்கொண்டு, கூண்டுப் பொடியை நிறைய ஏற்றி அதே நிமிடத்தில் மேடு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சமாக ஏற்றினால் 0.1 சதவீதம் அடிக்கோட்டுக்குள் மறைந்துவிடும்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, சிஒய்எல்இயின் குரோமடோகிராமில் ஒட்டிய இரட்டை மேடு வரும். கலப்படம் என்று நினைத்துத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. கூண்டின் பென்சைல் கார்பன் கைரல், அதாவது இடக்கை-வலக்கைபோல் இரண்டு வடிவம் எடுக்கும். இரண்டும் கலந்த (ராசிமிக்) கூண்டை எல்-டைரோசினில் மாட்டும்போது இரண்டு டயாஸ்டீரியோமர்கள் பிறக்கின்றன. இரண்டுமே ஒளியில் அதே என்கெஃபலினைத்தான் தரும். இன்னொன்று, மூலக்கூறின் எடையை அளக்கும் மால்டி (MALDI) நிறமாலை. சிஒய்எல்இயின் எடை 734.8; புரோட்டான் சேர்ந்த மேடு 735.3-இல் வர வேண்டும். மால்டியில் எடுத்தால் 556.3-இலும், அதாவது கூண்டில்லாத என்கெஃபலின் இடத்திலும், ஒரு மேடு எழலாம். பொடி கெட்டுவிட்டது என்று பதறுவதற்கு முன் அந்தக் கருவி எதனால் சுடுகிறது என்று யோசியுங்கள். மால்டியின் லேசர் 337 அல்லது 355 நானோமீட்டர். கூண்டை உடைப்பதற்கென்றே செய்தது போன்ற ஒளி அது. லேசர் இல்லாத எலக்ட்ரோஸ்ப்ரே முறையில் எடுத்துக் கேளுங்கள்.

அடுத்தது எடை. 1 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் குப்பியில் டிரைஃப்ளூரோஅசிட்டேட் உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். நிகரப் பெப்டைட் 80 சதவீதம் என்று சான்றிதழ் சொன்னால் கையில் இருப்பது 0.8 மில்லிகிராம், அதாவது 1.09 மைக்ரோமோல். முழு எடையை நம்பி 136 மைக்ரோலிட்டர் நீர் ஊற்றினால் 10 மில்லிமோலார் என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் 8. ஒரே குப்பியை வைத்து ஒப்பிடும்வரை இது பெரிய குற்றமில்லை. குப்பி மாறும்போது பதில் 20 சதவீதம் ஏறி இறங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும், எலியை அல்ல. ஒரு நாளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, பழுப்பு நிற டியூபில் ஊற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றி, −20 டிகிரியில் வையுங்கள். உருக்கி உறைய வைப்பதைத் தவிர்க்கவும்.

அறை வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது பலர் "கொஞ்சம் டியூப் லைட் வெளிச்சம்தானே" என்பார்கள். டியூப் லைட்டில் பாதரசத்தின் 365 நானோமீட்டர்க் கோடு கசிகிறது. ஒரு ஃபிளாஷ் கெடுப்பதைவிட மணிக்கணக்கில் எரியும் குழல் விளக்கு அதிகம் கெடுக்கும். இதையும் கணக்கில் காட்டிவிடலாம். 50 மைக்ரான் ஆரம், 200 மைக்ரான் ஆழத்துக்கு ஒளி விழுகிறது என்று வைத்தால் அந்த உருளையின் கொள்ளளவு 1.6 நானோலிட்டர். அதிலுள்ள 10 மைக்ரோமோலார் முழுக்க உடைந்தாலும் வெளியே வருவது 16 ஃபெம்டோமோல். 50 மில்லிலிட்டர் சுழற்சித் திரவத்தில் கலந்தால் 0.3 பிகோமோலார். நூறு ஃபிளாஷ் போட்டாலும் 30 பிகோமோலார்தான், எந்த ஏற்பியும் திரும்பிப் பார்க்காது. ஆகவே திரவத்தைச் சுழற்சியில் விட்டு மறுபடி மறுபடி பயன்படுத்துவது தப்பே இல்லை. ஆனால் பீக்கரும் குழாயும் மூடாமல் வெளிச்சத்தில் இருந்தால் 50 மில்லிலிட்டர் முழுதும் மெல்ல மெல்ல உடையும். மைக்ரோஸ்கோப்பின் ஹாலஜனுக்கு முன்னால் நீண்ட அலைகளை மட்டும் விடும் சிவப்பு வடிகட்டி, குழாய் முழுக்க அலுமினியத் தாள், அறையில் மங்கலான சிவப்பு விளக்கு. இவ்வளவு போதும்.

செலவும் இந்தச் சுழற்சியில்தான் அடங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் என்று ஊற்றி வடித்தால் ஒரு மணிக்கு 120 மில்லிலிட்டர், 10 மைக்ரோமோலாரில் 0.88 மில்லிகிராம். ஒரு குப்பி ஒரு மணி நேரத்தில் சாக்கடைக்குப் போய்விடும். 30 மில்லிலிட்டரைச் சுழற்சியில் விட்டால் 0.22 மில்லிகிராம், அதே குப்பி மூன்று நாளைக்கு மேல் வரும். சுழற்சியில் ஆக்சிஜன்-கார்பன் டை ஆக்சைடு குமிழியை பீக்கரிலேயே விட மறக்காதீர்கள்.

ஸ்லைஸில் எப்படி நடந்துகொள்கிறது? லோகஸ் செருலியஸை எடுத்துக்கொள்வோம். நான்காம் மூளை அறையின் ஓரத்தில் சற்று ஒளி ஊடுருவும் திட்டாகத் தெரியும். 240 மைக்ரான் தடிமன், 32 முதல் 34 டிகிரி, செல்லில் பொருத்தும் கண்ணாடி மின்முனைக்குள் பொட்டாசியம் அடிப்படையிலான உள்திரவம். இந்த உள்திரவத்தில்தான் பாதி வேலை கெடுகிறது. சினாப்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் சீசியம் திரவத்தையே ஊற்றிவிட்டு "பெப்டைட் செத்துவிட்டது" என்பவர்கள் உண்டு. ஓபியாய்டு ஏற்பி ஜி-புரதம் வழியாகத் திறப்பது ஜிர்க் என்னும் பொட்டாசியம் கால்வாயை. சீசியம் அதன் வாயை அடைத்துவிடும். ஜி-புரதம் இயங்கத் தேவையான குவானோசின் டிரைபாஸ்பேட்டை (GTP) உள்திரவத்தில் 0.3 மில்லிமோலார் அளவில் சேர்க்காவிட்டால் முதல் இரண்டு பதிலுக்குப் பிறகு மின்னோட்டம் தேய்ந்துகொண்டே போகும்.

வெளியில் பொட்டாசியம் 2.5, உள்ளே 140 மில்லிமோலார் என்றால் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் −105 மில்லிவோல்ட் வாக்கில் வரும். செல்லை −60-இல் பிடித்து வைத்தால் ஃபிளாஷுக்குப் பிறகு மேல்நோக்கிய மின்னோட்டம் எழ வேண்டும். உடனே துள்ளிக் குதிக்காது. ஏற்பி, ஜி-புரதம், கால்வாய் என்று மூன்று படி ஏறி வர வேண்டும், சில நூறு மில்லி நொடி பிடிக்கும். 2012 ஆய்வின் அழகே இதுதான்: கூண்டு உடையும் வேகம் ஜி-புரதத்தின் வேகத்தைவிட மிக அதிகம், ஆகவே திரையில் நாம் பார்க்கும் தாமதம் செல்லின் தாமதம், மருந்து போய்ச் சேரும் தாமதம் அல்ல. பிக்கோஸ்பிரிட்சர் (மருந்தைத் துளித்துளியாக ஊதும் கருவி) வைத்து ஊதிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். ஒன்று சொல்ல வேண்டும்: அமீன் மேல் கார்பமேட்டாக இருக்கும் புதிய கூண்டு உடைந்ததும் முதலில் கார்பமிக் அமிலம் வருகிறது, பிறகு கார்பன் டை ஆக்சைடு விலகிய பின்தான் முழு என்கெஃபலின். வேதியியலில் இது ஒரு படி கூடுதல். ஜிர்க் வேலைக்கு அந்தத் தாமதம் பொருட்டில்லை.

ஒளி பட்ட கணமே, ஒரு மில்லி நொடிகூடத் தாமதமில்லாமல் ஒரு துள்ளல் தெரிந்தால் மகிழ வேண்டாம். ஒளி வெள்ளிக் குளோரைடு கம்பியின் மேல் விழுகிறது. கம்பியை மறைத்துக் கட்டினால் துள்ளல் போய்விடும். பெப்டைட் இல்லாமல் அதே ஃபிளாஷ் போட்டுப் பார்ப்பதைத் தினமும் முதல் செல்லில் செய்துவிடுங்கள். பிறகு பெப்டைட்டுடன் ஃபிளாஷ், அதன் பின் ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் மருந்தான நலோக்சோன் 1 மைக்ரோமோலார் சேர்த்து ஃபிளாஷ். நலோக்சோன் சேர்த்ததும் அடிக்கோடு கீழே இறங்கினால் இருட்டிலேயே ஏற்பி வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். அதைவிடக் கறாரான தரச்சோதனை கிடையாது, எச்.பி.எல்.சி இல்லாத ஆய்வகம்கூட இதைச் செய்துவிடலாம். ஓர் எச்சரிக்கை: டெல்டாவை வெளிக்காட்டாத லோகஸ் செருலியஸில் இந்தச் சோதனை தேறிவிட்டது என்பதற்காக ஹிப்போகேம்பஸிலும் தேறும் என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டு ஃபிளாஷுக்கு நடுவில் 2 முதல் 3 நிமிட இடைவெளி கொடுங்கள். மியூ ஏற்பி விரைவில் மரத்துப்போகும் இயல்புடையது. அவசரப்பட்டு 20 நொடிக்கு ஒருமுறை சுட்டால் பதில் குறைந்துகொண்டே வரும், பிறகு கூண்டு தீர்ந்துவிட்டதா, ஏற்பி களைத்துவிட்டதா என்று பிரித்தறிய முடியாது. ஒளியின் அளவையும் ஒரே தாவலில் உச்சத்துக்குக் கொண்டுபோகாமல், 5, 10, 20, 50 மில்லி நொடி என்று ஏற்றி ஒரு வளைவு வரையுங்கள். வளைவு தட்டையாகும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் வேலை செய்ய வேண்டும். அதற்கு மேலே போனால் ஒளி சிதறி விளிம்புக்கு வெளியேயும் கூண்டை உடைக்கும், "இந்த இடத்தில் மட்டும்" என்று சொன்ன பேச்சு பொய்யாகும். 40 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் செல்லைத் தேர்ந்தெடுக்காமல் மேற்பரப்புச் செல்லாகப் பாருங்கள். வாங்கும்போது மறந்துவிடும் இன்னொரு செலவு ஆப்ஜெக்டிவ் லென்ஸ்: பல நீர்-முழுகு லென்ஸ்கள் 400-க்குக் கீழே ஒளியைச் சரியாக விடுவதில்லை. எல்.இ.டியின் பெட்டியில் எழுதிய வாட்டை விட்டுவிட்டு, லென்ஸின் வாயில் பவர் மீட்டர் வைத்து அளந்ததை எழுதிவையுங்கள்.

இடத்துக்கு இடம் மாற்றிச் சுடும் பரிசோதனைதான் இந்தப் பெப்டைட்டின் முழு மதிப்பையும் காட்டும். செல் உடல் மேல் ஒன்று, 50 மைக்ரான் தள்ளி ஒன்று, 100 தள்ளி, 150 தள்ளி. தூரம் கூடக் கூட பதில் சிறுக்கும், தாமதமும் கூடும். என்கெஃபலின் எவ்வளவு தூரம் பரவி வேலை செய்கிறது என்பதை ஸ்லைஸைச் சுற்றி ஓடும் திரவத்தில் மருந்து ஊற்றியோ ஊதியோ இவ்வளவு நறுக்காகக் கேட்க முடியாது. லோகஸ் செருலியஸ் செல்கள் இடைவெளிச் சந்திப்புகளால் (gap junctions) ஒன்றோடொன்று மின் தொடர்பில் இருப்பதை நினைவில் வையுங்கள். இளம் எலியில் அது இன்னும் பலம். பக்கத்து வீட்டுக்காரனின் மின்னோட்டமும் உங்கள் மின்முனையில் தெரியும், அதனால் மின்னோட்டம் திரும்பும் புள்ளி −105-ஐத் தாண்டிக் கீழே போவதுபோல் தோன்றும். கால்வாய் பொட்டாசியத்துடையது இல்லையோ என்று புதுக் கொள்கை கிளப்பத் தேவையில்லை.

குறைகள் என்று பார்த்தால் இரண்டு பெரியவை. இரு ஃபோட்டான் லேசருக்கு இந்த நைட்ரோபென்சைல் கூண்டுகள் லாயக்கில்லை. உறிஞ்சும் திறன் மிகக் குறைவு. நியூரான் கிளையில் நீட்டிக்கொண்டிருக்கும் தனி முள் (spine) ஒன்றின் மேல் என்கெஃபலின் விட வேண்டும் என்று கனவு காண்பவர்கள் பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளட்டும். அடுத்தது, போனது போனதுதான். உடைந்த கூண்டைத் திரும்ப மாட்ட முடியாது, பதிலை நிறுத்த என்கெஃபலின் தானாகக் கலைந்து நொதிகளால் சிதைய வேண்டும். நிறுத்தும் வேகத்தை அளக்க வேண்டியவர்களுக்காகவே 2013-இல் அதே குழு கூண்டிலிட்ட நலோக்சோனைக் கொண்டுவந்தது.

திரும்பத் திரும்ப அணைத்துப் போட வேண்டும் என்பவர்கள் லூமிடாக்சின் பக்கம் போவார்கள். 2014-இல் எம்.ஐ.டியில் எட்வர்ட் பாய்டன் குழு செய்தது. கால்வாயை அடைக்கும் நச்சுப் பெப்டைட், அதற்குப் பக்கத்தில் ஓட்ஸ் செடியின் லவ்2 (LOV2) ஒளி உணரி, பிறகு சவ்வில் ஊன்றும் நங்கூரம், எல்லாம் ஒரே மரபணுவில். மருந்து வாங்க வேண்டாம், நீல ஒளி போதும், புற ஊதாவின் தொல்லை இல்லை. ஆனால் திசை தலைகீழ்: இருட்டில் நச்சு பொட்டாசியம் கால்வாயை அடைத்திருக்கும், ஒளி பட்டால் லவ்2 அவிழ்ந்து நச்சின் பிடி தளரும். தளர்வது சுமார் பத்து மடங்கு மட்டுமே, முழுக்க விடுவதில்லை. வாரக் கணக்கில் இருட்டில் வளரும் செல், அடைபட்ட கால்வாயோடேயே பழகித் தன்னைச் சரிசெய்துகொள்ள இடமுண்டு. வளர்ப்புத் தட்டில் இரண்டு நாள் வேலைக்குச் சரி. வளர்ந்த எலியில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பயன்படுத்துவது அவசரம்.

உயிருள்ள எலியிலேயே வேலை என்றால் கூண்டு என்கெஃபலினையும் எடுக்காதீர்கள். பெப்டைட் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, மூளைக்குள் நேரடியாகச் செலுத்தினால் அளவு உங்கள் கையில் இருக்காது. அதற்கு 2023-இல் வந்த ஒளி-ஆக்சிமார்ஃபோன் வகை ஓபியாய்டுகள் பொருத்தம். உடலில் ஊசி போட்டு மூளையில் ஒளி இழை வழியாக விடுவிக்கலாம்.

முதல் ஆர்டரில் 1 மில்லிகிராம் போதும். நலோக்சோன் வைத்துச் செய்யும் இருட்டுச் சோதனை முடிந்து, கூண்டில்லாத என்கெஃபலின் 0.1 சதவீதத்துக்குக் கீழே என்று தெரிந்த பிறகு, அதே தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு 5 மில்லிகிராம் கேளுங்கள். புதுத் தொகுதி வந்தால் முதல் நாள் வேலை மறுபடியும் அதே எச்.பி.எல்.சிதான்.